கடை வாசல் முதல் வாய்க்கால் கரை வரை: முதல் ஹார்டுடெய்ல் சைக்கிள் வாங்குபவருக்கு

பதினான்கு மாதங்களில் இரண்டு ஹார்டுடெய்ல் சைக்கிள் வாங்கியவன் நான். இரண்டாவதை ஆசைப்பட்டு வாங்கவில்லை. முதலாவதைத் தப்பாக வாங்கியதால் இரண்டாவது தேவைப்பட்டது. 24,500 ரூபாய்க்கு வாங்கியதை 11,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். அந்த 13,500 ரூபாய் நஷ்டத்தில் நான் படித்த பாடம் இது. உங்களுக்கு இலவசம்.

முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன் இருந்து, பின்பக்கம் பிரேம் விறைப்பாக இருக்கும் மலைச் சைக்கிளுக்குத்தான் ஹார்டுடெய்ல் என்று பெயர். நான் ஓட்டுவது கோபிசெட்டிபாளையம் பக்கம். கீழ்பவானி வாய்க்கால் கரையின் மண் தடம், தோட்டத்து வழிகள், இடையிடையே தார்ச்சாலை. உங்கள் ஊரில் மண்ணின் நிறம் வேறாக இருக்கலாம், முள் ஒன்றுதான். அதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறேன்.

1. உங்களுக்கு ஹார்டுடெய்ல் தேவைதானா?

நீங்கள் ஓட்டப்போவது முழுக்கத் தார்ச்சாலை என்றால் வேண்டாம். முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் மட்டுமே இரண்டு இரண்டரைக் கிலோ கனக்கும். அகல டயர் தாரில் இரைச்சலோடு இழுக்கும். கூட மெல்லிய டயர் ஹைபிரிட் சைக்கிளில் வருபவர் பேசிக்கொண்டே முன்னால் போவார், நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவீர்கள். ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணும் கல்லும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

2. பணம்: விலைச்சீட்டில் இல்லாத கணக்கு

8,000 முதல் 15,000 ரூபாய் வரை "மவுண்டன் பைக்" என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை மலைச் சைக்கிளின் வேடம் போட்ட இரும்புச் சைக்கிள்கள். ஃபோர்க் இருக்கும், ஆனால் அது குதிரை பொம்மை போல ஆடும், அவ்வளவுதான். தெருவில் ஓட்ட அதில் தவறில்லை. கரையில் இறக்கினால் ஆறு மாதம் தாங்காது.

அலாய் பிரேம், உருப்படியான கியர், கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக் ஆகியவை சேர்ந்து கிடைப்பது ஏறத்தாழ 20,000 ரூபாயில் தொடங்குகிறது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வேண்டுமென்றால் 30,000 முதல் 45,000. காற்று நிரப்பும் ஃபோர்க்கும், முன்னால் ஒரே பல்சக்கரமும் வேண்டுமென்றால் 50,000-க்கு மேல். முதல் சைக்கிளுக்கு நடு வகையே போதும் என்பது என் கருத்து.

சைக்கிள் விலையோடு செலவு முடிந்துவிடாது. எனக்கு ஆனது இது: ஹெல்மெட் 1,800, காற்றழுத்த மானி வைத்த தரைப் பம்பு 1,200, பையில் வைக்கும் சிறு பம்பு 600, முன்பின் விளக்குகள் 1,100, பூட்டு 900, உபரி டியூப் இரண்டு 700, டயர் நெம்பிகளும் ஒட்டுச் சாமான்களும் 250, ஆலன் கீ தொகுதி 450. மொத்தம் 7,000. கையில் 30,000 இருந்தால் 23,000-க்குச் சைக்கிள் தேடுங்கள். 30,000-க்குச் சைக்கிள் வாங்கிவிட்டு ஹெல்மெட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை.

வரி விஷயத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிப்பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கடையில் நிற்பது பழைய சரக்காக இருந்தால் அதன் அட்டையில் பழைய விலையே இருக்கக்கூடும். ரசீதில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

3. அளவு: நான் விழுந்த பள்ளம்

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் உயரத்துக்கு 29 இன்ச்தான் சரி" என்றார். 29 இன்ச் என்பது சக்கரத்தின் அளவு. என் உடம்புக்குப் பொருந்த வேண்டியது பிரேமின் அளவு. இரண்டும் வேறு வேறு என்பது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, அல்லது அன்று தெரிய வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். கடையில் இருந்தது 19 இன்ச் பிரேம் ஒன்றுதான். நான் 166 செ.மீ. உயரம். மூன்றாவது வாரத்தில் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டன. சீட்டை முன்னால் தள்ளினேன், ஹேண்டில்பாரைப் பின்னால் திருப்பினேன். பெரிய சட்டையைக் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்ட கதைதான்.

பொதுவாக 165 முதல் 175 செ.மீ. உயரத்துக்கு 16 அல்லது 17 இன்ச் பிரேம் பொருந்தும். அதில் எம் என்று குறித்திருப்பார்கள். அதற்குக் கீழே எஸ், மேலே எல். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால் அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதோடு கடையிலேயே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலாவது, ஷூ போட்டுக்கொண்டு சைக்கிளின் மேல் குழாயைக் காலிடையே வைத்து நில்லுங்கள். தொடைச் சந்துக்கும் குழாய்க்கும் நடுவில் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். மண்ணில் சட்டென்று இறங்க நேரும்போது அந்த 5 செ.மீ. உங்களைக் காப்பாற்றும், விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது, சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் சீட்டின் உயரம். அந்த உயரத்துக்கு ஏற்றியபோது சீட்டுக் குழாயில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரிந்தால் பிரேம் உங்களுக்குச் சிறியது. மூன்றாவது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் பிரேம் பெரியது.

சரியான அளவு இல்லையென்றால், "வரவழைத்துத் தாருங்கள், காத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். என் இரண்டாவது சைக்கிள் வர 18 நாள் ஆனது. அந்த 18 நாளும் கடைக்காரர் வேறு வேறு சைக்கிள்களைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

4. எந்தப் பாகத்துக்குப் பணம் கொடுப்பது

என் வரிசை: பிரேக், பின்சக்கர ஹப் (சக்கரத்தின் நடுவே அச்சு செல்லும் பகுதி), ஃபோர்க், கடைசியில் கியர். கடைகளில் இது தலைகீழாக நடக்கும். முதல் பேச்சே "21 கியர்" என்பதுதான்.

பிரேக்கில் ஹைட்ராலிக் நல்லது. ஒரு விரலால் நிறுத்தலாம். ஆனால் உங்கள் ஊரிலிருந்து 50 கி.மீ. சுற்றளவில் அதில் காற்றெடுத்து எண்ணெய் மாற்றத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். ஷிமானோ பிரேக்குகளில் மினரல் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் திரவத்தை யாராவது ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். அப்படி ஆள் கிடைக்காத ஊரில் கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்கே மேல். எந்த சைக்கிள் கடையிலும் சரிசெய்துவிடுவார்கள்.

பின்சக்கர ஹப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏழு கியர் உள்ள மலிவு சைக்கிள்களில் பற்சக்கரத் தொகுதி ஹப்பில் மரையாகத் திருகும் பிரீவீல் வகை. அதில் வலப்பக்க பால்பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் மீது சுமை கூடும். ஆள் கனமாக இருந்து, மேடுபள்ளத்தில் குதித்து ஓட்டினால் அச்சு வளையும், சில நேரம் உடையவும் செய்யும். எட்டு, ஒன்பது கியர் உள்ளவற்றில் பெரும்பாலும் ஹப்பின் மேல் செருகும் கேசட் வகை வரும், அது தாங்கும். "பின்னால் கேசட்டா, பிரீவீலா?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கடை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஃபோர்க்கில் இந்த விலைக்கு ஸ்பிரிங் வகைதான் கிடைக்கும். 100 மி.மீ. அளவுக்கு அமுங்கினால் போதும். தார்ச்சாலையில் அதைப் பூட்டிவைக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். மெதுவாக மேலே வர வேண்டும். பந்துபோல் எகிறினால் கரையில் கைகளுக்கு அடி விழும்.

கியரில் பின்னால் எட்டு அல்லது ஒன்பது, முன்னால் இரண்டு இருந்தால் தாராளம். ஷிமானோ நிறுவனத்தின் கியர் வகைகளில் அடிநிலையான டூர்னியைத் தாண்டி ஆல்டஸ், ஏசெரா என்று ஏறும்போது விலையும் ஏறும். ஆல்டஸ் வரை செலவழிப்பதில் பயன் தெரியும். அதற்கு மேலான பணத்தைப் பிரேக்கிலோ டயரிலோ போடுவேன்.

5. ரசீதும் தாள்களும்

சைக்கிளுக்குப் பதிவு, ஓட்டுநர் உரிமம், கட்டாயக் காப்பீடு எதுவும் கிடையாது. அதனாலேயே, வண்டி உங்களுடையது என்பதற்கு ஒரே சாட்சி ரசீதுதான். கையால் எழுதிய "எஸ்டிமேட்" சீட்டை ஏற்காதீர்கள். ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட ரசீதில் மாடல், பிரேம் அளவு, பிரேம் எண் மூன்றும் இருக்க வேண்டும். பிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சு செல்லும் குழாயின் அடியில் கொத்தியிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டி, எண்ணைப் படித்து, ரசீதில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். ஒரு புகைப்படமும் எடுத்துவையுங்கள்.

திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். பிரேமுக்குப் பல நிறுவனங்கள் நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன. அதற்கும் மூலரசீதுதான் வேண்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்த பிறகு கடையைவிட்டு இறங்குங்கள்.

கடை கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

பழைய சைக்கிள் வாங்குபவர் மூலரசீது இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். என்னுடையதை வாங்கியவர் ரசீதைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

6. பூட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

இணையத்தில் வாங்கினால் சைக்கிள் முக்கால்வாசி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் ஆகியவற்றை நாம் பூட்ட வேண்டும், அல்லது அவர்கள் ஆளனுப்புவார்கள். என் முதல் சைக்கிள் கடையில் வாங்கியதுதான். ஆனால் அங்கும் பெட்டியிலிருந்துதான் எடுத்துப் பூட்டினார்கள். டீ குடிக்கப் போய்விட்டு வந்தேன். வண்டி தயாராக நின்றது.

மூன்று வாரம் ஓட்டினேன். திரும்பும்போதெல்லாம் ஷூ முனை முன்சக்கரத்தில் உரசியது. ஹேண்டில்பார் பதற்றமாக, நிலைகொள்ளாமல் ஆடியது. புதுச் சைக்கிள், பழகிவிடும் என்று இருந்தேன். ஒரு நாள் கோபியில் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் காற்றடிக்க நிறுத்தினேன். அவர் பம்பைக் கீழே வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். "ஏன் தம்பி, ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டு ஓட்டுகிறீர்கள்?" என்றார்.

பெட்டியில் அடைக்கும்போது இடம் மிச்சப்படுத்த ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். பூட்டுபவர் அதைத் திருப்பாமல் ஹேண்டில்பாரை மாட்டிவிட்டால் இப்படி ஆகும். கண்டுபிடிப்பது எளிது. சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் முன்சக்கரத்தின் பிரேக் வட்டு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வட்டைக் கவ்வும் பிரேக் கிட்டி ஃபோர்க் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் இணைக்கும் வளைவு ஏறக்குறைய எல்லாவற்றிலும் முன்னால் பார்த்திருக்கும். வட்டு வலப்பக்கம் இருந்தால் நீங்களும் என்னைப் போல்தான்.

பெடலில் இன்னொரு பொறி இருக்கிறது. இடப் பெடலின் மரை எதிர்ப்புறம் சுற்றும். வலப் பெடல் கடிகாரச் சுற்றில் இறுகும், இடப் பெடல் அதற்கு எதிராக இறுகும். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று குறித்திருப்பார்கள். முதல் மூன்று நான்கு சுற்றைக் கையாலேயே திருகச் சொல்லுங்கள். கையால் போகவில்லையென்றால் மரை கோணலாக ஏறுகிறது. அதன்மேல் ஸ்பேனர் போட்டு அழுத்தினால் பெடல் தண்டு பாழாகும்.

ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டியில் சக்கரம் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பிரேக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் இருந்தபோது கட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டியானதும் சரிபார்க்கும் முறை: முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள், ஹேண்டில் கழுத்தில் "டக் டக்" என்று ஆட்டம் வரக் கூடாது. முன்சக்கரத்தைக் காலிடையே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை முறுக்குங்கள், தனியாகத் திரும்பக் கூடாது. இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றிக் கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கியரையும் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். எந்தக் கைப்பிடி முன்பிரேக் என்றும் பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. வேண்டிய பக்கத்துக்கு மாற்றித்தரச் சொல்லலாம். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சனிக்கிழமை மாலை, கடை நெரியும் நேரத்தில் போகாதீர்கள். வாரநாள் காலை பதினொரு மணி உத்தமம்.

7. முதல் நாள்: கட்டையைப் பழக்குவது, காற்று

புது டிஸ்க் பிரேக் முதல் நாள் சரியாகப் பிடிக்காது. கட்டை வட்டோடு பழக வேண்டும். ஆளில்லாத சமமான சாலையில் 20 கி.மீ. வேகத்துக்குப் போய், நடக்கும் வேகம் வரும்வரை ஒரு பிரேக்கை மட்டும் சீராகப் பிடியுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். முன்பிரேக்குக்கு இருபது முறை, பின்பிரேக்குக்கு இருபது முறை. அரைமணி நேர வேலை. வட்டில் விரல் வைக்காதீர்கள், எண்ணெய்ப் புட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் கிறீச்சிடும், பிடிக்காது.

காற்று விஷயத்தில் பெட்ரோல் பங்க் குழாயை நம்பாதீர்கள். நான் 70 கிலோ. 2.2 இன்ச் டயரில் மண்ணுக்கு முன்னால் 27, பின்னால் 30 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். தார்ச்சாலை அதிகம் என்றால் 38. உங்கள் டயரின் பக்கத்தில் குறைந்த அளவும் அதிக அளவும் அச்சிட்டிருக்கும், அதற்குள் இருங்கள். டயர் கல்லாக இருந்தால்தான் நல்லது என்பது சாதாரண சைக்கிளில் வந்த பழக்கம். கரையில் அது வழுக்கும்.

வால்வையும் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த வால்வு மோட்டார் சைக்கிளில் வருவதுதான், எந்தப் பம்பும் பொருந்தும். மெலிந்த பிரெஸ்டா வால்வு என்றால் தலையைத் திருகித் தளர்த்திய பிறகுதான் காற்று ஏறும். ஊர்ப் பஞ்சர் கடையில் அதற்கு வாய் இருக்காது. ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை மாற்றியைச் சாவிக்கொத்திலேயே மாட்டி வையுங்கள். ரிம்மின் ஓட்டையைப் பெரிதாக்கிச் சாதாரண டியூப் போட்டுத் தருகிறேன் என்று அன்போடு சொல்பவர்களிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு நடங்கள்.

8. முள்

வாய்க்கால் கரையில் சீமைக்கருவேலம். தரையோடு படர்ந்த நெருஞ்சி. வேலிக்கு வெட்டிப்போட்ட கிளைகள். இந்த மூன்றும்தான் நம் ஊரில் ஹார்டுடெய்ல் ஓட்டுபவருக்கு உண்மையான மலை.

முதல் மாதத்தில் ஒரே காலையில் மூன்று பஞ்சர் கண்டேன். முதலாவதற்கு உபரி டியூப் மாட்டினேன். 200 மீட்டரில் அதுவும் போனது. ஒட்டினேன், மறுபடியும் போனது. ஆறு கி.மீ. தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் டயரைக் கழற்றிப் பழைய வேட்டித் துணியால் உட்புறத்தைத் துடைத்தபோது ஓரிடத்தில் துணி சிக்கியது. கண்ணுக்குத் தெரியாத கருவேல முள்முனை ஒன்று, அரிசியில் பாதி நீளம், டயருக்குள் உடைந்து நின்றிருந்தது. மூன்று பஞ்சருக்கும் காரணம் அது ஒன்றுதான்.

அதனால் டியூப் மாற்றும் முன் டயரின் உட்புறத்தை முழுச்சுற்றும் துணியால் துடையுங்கள். விரலால் தேடினால் விரலில் ஏறும். துணி சிக்கும் இடத்தில் சிறு இடுக்கியால் பிடுங்குங்கள். ஒட்டுவதென்றால் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து மங்கும் வரை பொறுத்து, பிறகு ஒட்டை அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டினால் கழன்றுவிடும்.

தடுப்பதற்கு இரண்டு வழி. தடித்த வால்வு டியூபில் உள்ளூசியைக் கழற்றி, டியூப் ஒன்றுக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றுவது ஒன்று. வால்வு பக்கவாட்டில் இருக்குமாறு சக்கரத்தை நிறுத்திக்கொண்டு ஊற்றுங்கள், அடியில் இருந்தால் அடைத்துக்கொள்ளும். முள்ளைப் பிடுங்கியதும் சக்கரத்தை ஓட்டை கீழே வருமாறு திருப்பி ஒரு நிமிடம் நிறுத்தினால் பெரும்பாலும் அடைபடும். இன்னொன்று, டயருக்கும் டியூபுக்கும் நடுவே தடுப்புப் பட்டை வைப்பது. அது கனம் கூட்டும், ஓரம் டியூபை அறுப்பதும் உண்டு. நான் சீலன்ட்டோடு நின்றுவிட்டேன். டியூப்லெஸ் சிறந்ததுதான். ஆனால் ரிம்மும் டயரும் அதற்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும், இந்த விலை வண்டிகள் பலவற்றில் அப்படி இருப்பதில்லை.

9. கரையில் ஓட்டப் பழகுவது

முதல் இரண்டு வாரம் தெரிந்த தடத்தில், காலை வெளிச்சத்தில், 10 கி.மீ.க்கு மேல் வேண்டாம். கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் தொடங்கி சுமார் 200 கி.மீ. ஓடுகிறது, எங்கும் போய்விடாது.

மேடுபள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து, இரு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி நில்லுங்கள். பின்னால் சஸ்பென்ஷன் இல்லை என்பதை நினைவில் வையுங்கள், அந்த வேலை உங்கள் கால்களுடையது. கண் பத்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சரளையில் திரும்பிக்கொண்டிருக்கும்போது முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கி முதலில் தோள்தான் தரையில் படும். இறக்கத்தில் இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் ஒரு விரலால் பிடித்தும் விட்டும் வாருங்கள். மணல் திட்டு வந்தால் அதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றி, ஹேண்டிலைத் திருப்பாமல், மிதிப்பதை நிறுத்தாமல் கடந்துவிடுங்கள். ஏற்றத்தின் நடுவில் செயின் இறுகியிருக்கும்போது கியரை மாற்றாதீர்கள், கடகடவென்று கத்தும், சில நேரம் அறுந்தும் விடும்.

தண்ணீரை மறக்க வேண்டாம். வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் வாய்க்காலில் தண்ணீர் திறப்பார்கள். கரையில் தடுப்பு எதுவும் கிடையாது. தண்ணீர் ஓடும் மாதங்களில் நான் நீரோரம் விட்டு வயலோரமாகவே ஓட்டுகிறேன். மழை பெய்த மறுநாள் கரைக்குப் போகாதீர்கள். மண் டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் அப்பிச் சக்கரமே சுற்றாது, கரையில் நீங்கள் கிழித்த தடம் காய்ந்து வண்டிமாட்டுக்காரருக்கு இடைஞ்சலாகும்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். எதிரே ஆடு மாடு வந்தால் நீங்கள் நில்லுங்கள். தோட்டத்து வழியென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். இதுவரை எனக்கு யாரும் இல்லையென்று சொன்னதில்லை, இரண்டு பேர் இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

10. போகக் கூடாத இடம்

மலைச் சைக்கிள் என்று பெயர் இருப்பதால் காட்டுக்குள் போகலாம் என்று அர்த்தமில்லை. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018-இல் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு நடைப்பயணத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. "டிரெக் தமிழ்நாடு" திட்டத்தில் பதிவு செய்யும் பாதைகள் நடப்பதற்கானவை, அந்தச் சீட்டைக் காட்டி சைக்கிளோடு போக முடியாது.

பண்ணாரியைத் தாண்டித் திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே செல்லும் சாலை. கரும்பு லாரியை மறித்து நிற்கும் யானை, சைக்கிளுக்கு வழிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மலை ஏறியே தீர வேண்டுமென்றால் ஏற்காட்டின் 20 வளைவு, ஏலகிரியின் 14 வளைவு என்று தொடங்குங்கள், அதுவும் விடியற்காலையில், தார்ச்சாலையோடு நிறுத்திக்கொண்டு.

11. முதல் சர்வீஸ், அதன் பின் செலவு

200 கி.மீ. அல்லது ஒரு மாதம், எது முந்துகிறதோ அப்போது முதல் சர்வீஸ். பெரும்பாலான கடைகளில் இது இலவசம். ஆனால் "இலவசம்" என்றால் துடைத்துக் கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கியர் கம்பி தளர்ந்திருக்கும், இழுத்துக் கட்ட வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகள் தளர்ந்து கோட்டம் விழுந்திருக்கும், எடுக்க வேண்டும். பெடல் தண்டு போல்ட்டையும் ஹேண்டில் கழுத்தையும் இறுக்க வேண்டும்.

பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ். எங்கள் பக்கம் 600 முதல் 900 ரூபாய் வாங்குகிறார்கள். செயினை 150 கி.மீ.க்கு ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்து, சைக்கிள் செயினுக்கான எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். என்ஜின் ஆயிலும் கிரீஸும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். கரைப் புழுதி ஒட்டி உப்புத்தாள் போல ஆகிவிடும், பல்சக்கரத்தைத் தின்னும். மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் விசைக்குழாயால் அடிக்க விடாதீர்கள், பேரிங்குகளில் இருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனும் போதும். கழுவும்போது டயரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். போன வாரம் எனக்கு நெருஞ்சி பதினொன்று கிடைத்தது, பஞ்சர் ஒன்றுகூட இல்லை.